14. அனுமதித்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கஜபதி குளித்துவிட்டு, வேலைக்குப் போகிறவரைப் போலப் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, முன்னறையில் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் திவ்யா வரும்வரை காத்திருந்தார். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

அவரைத் தொழிற்சாலையில் சஸ்பெண்ட் செய்து அன்றோடு பத்தொன்பது நாள். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவு எழுத்தர் அவர். முப்பத்து நாலு வருட வேலையில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு பென் டிரைவை உள்ளே கொண்டுபோனார்.

அதையும் அவர் தனக்காகச் செய்யவில்லை. பக்கத்து மேஜை சுப்பராயனின் மனைவிக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்துக்குத் தொழிற்சாலைக்குள் இருந்துதான் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பிரிவில் இன்டர்நெட் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் பிரவுசர் பழசு. அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. சுப்பராயன் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கஜபதி வீட்டுக்கு வந்து மகன் வெங்கட்டிடம் சொன்னார். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வெங்கட் புது பிரவுசரின் ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அன்று மத்தியானமே சுப்பராயனுக்குக் கடிதம் வந்துவிட்டது.

நாலு நாள் கழித்துப் பிரிவின் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. யார் யார் பெயரிலோ, யார் யாருக்கோ மெயில்கள் போயிருந்தன. பாதுகாப்புப் பிரிவினர் வந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள். கஜபதியின் டிராயரில் பென் டிரைவ் இருந்தது.

பென் டிரைவ் கொண்டுபோனது மட்டும்தான் குற்றம் என்றால் ஒரு கண்டிப்போடு போய்விடும் என்று யூனியன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் போன் சார்ஜ் போட்டவர்கள் எத்தனையோ பேர். வைரஸ் யார் வழியாகவும் வந்திருக்கலாம். ஆனால் அவர் கொண்டுபோன ஃபைலே விஷம் என்று ஆகிவிட்டால் வேலை போகும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், போலீஸ் கேஸும் வரும்.

வெங்கட் அந்த ஃபைலை அன்றைக்கே அழித்துவிட்டதாகத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். சரியான இடத்திலிருந்துதான் இறக்கினேன் என்றும் சொல்லியிருந்தான். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பட்டாபிராமில் ஒரு மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திவ்யா திரும்பியிருந்தாள். சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடும்போது அந்த ஃபைல் அழியாமல் கிடப்பதைப் பார்த்து, மாமனாரிடம் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை அவளுக்கு.

"ஃபைலு நல்லதா கெட்டதான்னு மட்டும் பாத்து சொல்லும்மா" என்றார் கஜபதி. "வேற ஒண்ணும் வேணாம்."

வெங்கட் வீட்டில் இல்லை. புதன்கிழமை அவனுக்கு ரயில்வேயில் சான்றிதழ் சரிபார்ப்பு. நாலு வருஷம் பரீட்சை எழுதி எழுதிக் கிடைத்த வேலை. நகல்கள் எடுக்கவும் போட்டோ எடுக்கவும் அம்பத்தூருக்குப் போயிருந்தான்.

திவ்யா உட்கார்ந்தாள். முதலில் மாமனாரின் கை மவுஸ் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டாள். இதை இரண்டு தடவை அழுத்தித் திறந்துவிடக் கூடாது, வெளியிலிருந்தே பார்க்க வேண்டும் என்று விளக்கினாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஃபைலின் பெயர் சரியாக இருந்தது. பெயருக்கு மேலிருந்த சின்னப் படமும் சரியாக இருந்தது. அளவு சிறியதாக இருந்தது. ஆனால் உண்மையான பிரவுசரும் முதலில் சின்ன ஃபைலாகத்தான் வரும், மீதியைப் பிறகு இழுத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னதும் கஜபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி புஷ்பாவும் வந்து அவர்கள் பின்னால் நின்றுகொண்டாள்.

அடுத்தது கையெழுத்து. பிரவுசரைத் தயாரிக்கிற கம்பெனி ஒவ்வொரு ஃபைலிலும் அழிக்க முடியாத ஒரு முத்திரை வைத்திருக்கும். தன் லேப்டாப்பில் உண்மையான பிரவுசரை இறக்கி, அதில் கம்பெனியின் பெயர் இருக்கும் இடத்தை இருவருக்கும் காட்டினாள் திவ்யா. பிறகு வெங்கட் இறக்கிய ஃபைலில் அதே இடத்தைத் திறந்தாள்.

அங்கே பெயர் இல்லை. பெயருக்கான இடமே இல்லை.

"கையெழுத்து இல்லாம வர்றதும் உண்டுல்ல?" என்று புஷ்பா கேட்டாள். சில சின்னச் சின்ன புரோகிராம்களில் இருக்காது அத்தை என்றாள் திவ்யா. பிரவுசரில் இருந்தாக வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை.

கடைசியாக, எழுபது சொச்சம் ஆன்ட்டி வைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும் இணையதளம் ஒன்றில் ஃபைலை ஏற்றினாள். ஒன்றிரண்டு சிவப்பு காட்டினால் பயப்பட வேண்டாம், நல்ல ஃபைலையே சில சமயம் தப்பாகச் சொல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டாள்.

முதலில் வந்த நாலு வரியும் பச்சை. புஷ்பா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஐந்தாவதும் பச்சை. ஆறாவது சிவப்பு. ஏழு, எட்டு சிவப்பு. பத்துக்கு மேல் புஷ்பா எண்ணவில்லை. சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. பாஸ்வேர்டு திருடுவது என்று ஒன்று சொன்னது. மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பரவுவது என்று இன்னொன்று சொன்னது. முடிந்தபோது மேலே நாற்பத்தாறு என்று நின்றது.

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாப்பத்தாறும் தப்பா சொல்ல சான்ஸ் இருக்குதாம்மா?"

"இல்ல மாமா."

அவர் எழுந்து உள்ளே போனார். பேன்ட் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு வந்து, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புஷ்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சுப்பராயன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் இதில்தானே வந்தது என்று திவ்யாவைக் கேட்டாள். ஆமாம், சந்தேகம் வராமலிருக்க அசல் பிரவுசரையும் சேர்த்தே இறக்கிக் கொடுக்கும் என்றாள் திவ்யா. "அது வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று சாம்பாரில் உப்பே இல்லை. யாரும் சொல்லவில்லை.

*

திவ்யாவுக்கு ஒரு விஷயம் இடித்தது. நாற்பத்தாறு ஆன்ட்டி வைரஸ்களுக்குத் தெரிந்த ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதற்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிருக்கும்?

சாப்பாட்டுக்கு அப்புறம் தனியாக உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் பாதுகாப்புப் பதிவுகளைத் திறந்தாள். பின்னால் போகப் போக அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை 6.52. ஆபத்தான ஃபைல், தடுக்கப்பட்டது.

6.53. ஆபத்தான ஃபைல், தடுக்கப்பட்டது.

6.54. அனுமதிக்கப்பட்டது.

அவள் அதைப் பலமுறை படித்தாள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. மூன்றாவது முறை ஒரு விரல் அதைப் புறந்தள்ளியிருக்கிறது.

வெங்கட் இரண்டரை மணிக்கு வந்தான். போட்டோ நன்றாக விழுந்திருப்பதாக அம்மாவிடம் காட்டினான். சாப்பிட்டான். துணி எடுக்கப் போகிறவளைப் போலத் திவ்யா மொட்டை மாடிக்கு ஏறினாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான். வழக்கமாக இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளும் இடம் அதுதான்.

"ரெண்டு தடவ தடுத்திருக்கு" என்றாள் திவ்யா. "மூணாவது தடவ நீ விட்டிருக்க."

எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

படம் இறக்கும்போதெல்லாம் அந்த மாதிரிச் சிவப்புப் பெட்டி வரும், ஒரு தடவைகூட எதுவும் ஆனதில்லை என்று சொன்னான். தேடியதும் முதலில் வந்த பக்கத்தைத்தான் திறந்தானாம், பார்க்க அசல் மாதிரியே இருந்ததாம். அப்பா கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சனியன் பிடித்த பெட்டி என்று அழுத்திவிட்டு ஃபைலைப் பென் டிரைவில் போட்டு, ஓடிப்போய் அவர் சட்டைப் பையில் வைத்தான்.

"அன்னிக்கு ராத்திரியாவது சொல்லியிருக்கலாம்."

"அன்னிக்கி இன்னா தெரியும் எனக்கு? நைனாவ சஸ்பெண்ட் பண்ணாங்கோ பாரு, அன்னிக்கிதான் எனக்கு எல்லாம் வெளங்கிச்சு." குரல் இறங்கியது. "அதே சாயங்காலம் ரயில்வே லெட்டர் வந்துச்சு திவ்யா. அம்மா அழுதுகினே என் கையில ஸ்வீட்டு குடுத்துச்சு. அப்போ எப்டி சொல்லுவேன்?"

நாளைக்கு அப்பாவோடு போய்ச் சொல்லிவிடு என்றாள் திவ்யா. தெரியாமல் நடந்தது என்றாவது ஆகும், இறக்கிக் கொடுத்தவன் நீ என்று தெரிந்தால் அவருடைய பாரம் பாதியாகக் குறையும் என்றாள்.

போலீஸ் விசாரணையில் பெயர் வந்தால் ரயில்வே அவனைக் கழித்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். வயசு வரம்பு அடுத்த வருஷத்தோடு முடிகிறது.

"புதன்கெழம முடியட்டும். அப்பால நானே போய் சொல்றேன்."

"விசாரணை நாளைக்கு."

வெங்கட் அழுதான். கல்யாணமாகி இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஏதோ ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். அழுதுகொண்டே அவன் முடியாது என்று தலையாட்டினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

திவ்யா காய்ந்த துணிகளை எடுத்தாள். மாமனாரின் காக்கிச் சட்டை இரண்டும் கொடியில் இருந்தன. வேலைக்குப் போகாவிட்டாலும் வாரா வாரம் புஷ்பா அவற்றைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஐந்து மணிக்குக் கஜபதி கூப்பிட்டார். மறுபடி கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பழைய டைரியும் பேனாவும்.

"திவ்யா, ஒரு விஷயம். நான் காலையில ஒன்னான்ட சொல்லல." கண்ணை அவள் முகத்துக்குக் கொண்டுவராமல் பேசினார். "அந்த ஃபைல எறக்குனது நான்தான். வெங்கட்டு தூங்கிகினு இருந்தான். நான்தான் தட்டித் தட்டி எறக்குனேன். செவப்பா ஒண்ணு வந்துச்சு. நான் அத்த கண்டுக்கல."

சிவப்புப் பெட்டியைப் பற்றி அவளும் வெங்கட்டும் மாடியில் மட்டும்தான் பேசியிருந்தார்கள். மாடிப்படி அவருடைய கட்டிலுக்கு மேலேதான் போகிறது, பேச்சு கீழே கேட்டிருக்கும். மருமகளிடம் சொல்லிப் பார்த்தால் நாளைக்குச் சொல்லவரும் என்று நினைத்திருக்கிறார் என்று திவ்யாவுக்குப் புரிந்தது. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே அவருக்கு இன்னொருவர் வேண்டும்.

"மாமா, வேணாம் மாமா."

"அம்பத்தியேழு வயசு எனக்கு. இன்னும் மூணு வருஷம். அது போனா போவுது. அவனுக்கு இப்பத்தான் ஆரம்பம்." பேனா மூடியைக் கழற்றினார். "எப்டி எறக்குவாங்கன்னு மட்டும் கத்துக்குடு. நாளைக்கி கேட்டா முழிக்கக் கூடாது."

அவள் முடியாது என்றாள். அவர் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரமானாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. சமையலறை வாசலில் புஷ்பா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனைக் காப்பாற்று என்றும் சொல்லவில்லை, புருஷனைக் காப்பாற்று என்றும் சொல்லவில்லை.

திவ்யா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மவுஸைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தாள். எங்கே தேட வேண்டும், என்ன எழுத வேண்டும், வரும் பட்டியலில் எதைத் தொட வேண்டும். திரையில் அம்புக்குறி நழுவிக்கொண்டே இருந்தது. அவள் தன் கையை அவர் கை மேல் வைத்து நகர்த்தினாள். ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் டைரியில் எழுதிக்கொண்டார். 'டவுன்லோட்' என்பதை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தார்.

ஆறு மணிக்கு, இப்போ நீ ஆபீசரா கேளு என்றார்.

எங்கேயிருந்து இறக்கினீர்கள் என்று திவ்யா கேட்டாள். சொன்னார். ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்று கேட்டாள். சொன்னார். பென் டிரைவுக்கு எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் தடுமாறி டைரியைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் எச்சரிக்கை குடுத்துச்சா?"

"ரெண்டு வாட்டி குடுத்துச்சு சார். மூணாவது வாட்டி நான்தான் அனுமதி குடுத்தேன்."

"அப்போ வீட்டுல வேற யார் இருந்தாங்க?"

"எம் பையன் இருந்தான் சார். தூங்கிகினு இருந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார்.

சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். சரி மாமா என்றாள் திவ்யா. பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறவளைப் போலத் தான் தலையாட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான். பேசுவதெல்லாம் கேட்கும். கதவின் அடியில், கட்டிலில் இருந்து தரையில் ஊன்றியிருந்த வெங்கட்டின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அவை அசையவில்லை.

அப்போது கஜபதியின் போன் அடித்தது. சுப்பராயன். பத்தொன்பது நாளில் முதல் முறையாகக் கூப்பிடுகிறான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போல அவசர அவசரமாகப் பேசினான். விசாரணை ஆபீசில் ஒருவர் காதோடு சொன்னாராம். நாளைக் காலையில் ஜீப் அனுப்பி, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். "என்னால இவ்ளோதாம்ப்பா முடியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

கஜபதி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இதுல பேரு காட்டுமாம்மா? யாரு அனுமதி குடுத்தாங்கன்னு?"

"காட்டும் மாமா." அவள் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்து காட்டினாள். வரியின் கடைசியில் இருந்தது, கம்ப்யூட்டருக்குள் நுழைய வெங்கட் வைத்திருந்த சொந்தப் பெயர். அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணைப் போடாமல் அந்தப் பெயருக்குள் யாரும் நுழைய முடியாது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதை இந்த ஒரு வரி பொய்யாக்கிவிடும்.

கஜபதி டைரியை மூடினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதெல்லாம் உள்ளே இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது.

வெங்கட் வெளியே வந்து நின்றான். புஷ்பா ஒரு அடி முன்னால் வந்தாள். கஜபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். முன்னறையில் இருந்த மூன்று பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், இந்தக் கதவு திறப்பதற்காகத்தான் காத்திருந்தார்கள். நாளைக்கு நானும் வரேன் நைனா. அந்த ஒரு வார்த்தை போதும். விசாரணையில் எது நடந்தாலும் நடக்கட்டும்.

வெங்கட் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

"திவ்யா, அந்த வரிய அழிக்க முடியுமா?"

கஜபதி மெல்ல மறுபடி உட்கார்ந்தார். புஷ்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

அழிக்க முடியும். எப்படி என்று திவ்யாவுக்குத் தெரியும். அழித்தால், அழித்தது தெரியும். எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். இந்த வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், அதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

மவுஸ் அவள் கையின் கீழே இருந்தது. இப்போது மூன்று பேரும் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.